புல்லுக்கு மருந்து வைத்த புரட்டாதி

எங்கள் வீட்டு முன்வளவில் உள்ள புல்லின் நீளம் நாற்பத்தேழு அடி, அகலம் முப்பத்திரண்டு அடி. நாடா பிடித்து மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதே கணக்குத்தான் வந்தது. இரண்டடிக்கு ஓரடித் துண்டுகளாக வெட்டி லொறியில் கொண்டுவந்து, பாய் விரிப்பதுபோல விரித்துவிட்டுப் போனார்கள். எழுநூற்று ஐம்பத்திரண்டு துண்டுகள் வேண்டும். எழுநூற்று நாற்பத்தொன்பதுதான் வந்தன. குறைந்த மூன்று துண்டுகளின் இடம் வாசல் கேற்றடியில் இன்னும் மண்ணாகவே கிடக்கிறது.

எண்ணுவது என் பழக்கம். முப்பத்துநான்கு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக இருந்தேன். குளிசைகளைத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிய கை ஓய்வுபெற்ற பிறகும் ஓயவில்லை. படியேறினால் படியை எண்ணுவேன். பஸ்ஸில் இருந்தால் மின்கம்பத்தை எண்ணுவேன். எழுபத்துநான்கு வயதில் இதை மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

புல் என் யோசனை அல்ல. வீடு மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. அவள் வெளிநாட்டில் இருக்கிறாள். தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கும்போது எனக்குப் பின்னால் தெரிந்த மணல் முற்றம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அங்கே எல்லா வீட்டின் முன்னாலும் புல் இருக்கிறதாம். வரும்போது பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிய வேண்டுமாம். ஆட்களையும் அவளே ஒழுங்குபண்ணி அனுப்பினாள். வீடு அவளுடையது, முற்றத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு படம் அனுப்ப வேண்டும் என்பதும் அந்த வேலையில் அடங்கும்.

அந்த முற்றத்தை முப்பத்தெட்டு வருடம் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டியவள் என் மனைவி. இனி முதுகு நோகாது என்று மட்டும் சொன்னாள். அவளுடைய முதுகு நோ எனக்கு வந்தது.

காலை ஆறரைக்கு முன் தண்ணீர் விட்டு முடிக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு விட்டால் பாதி ஆவியாகிவிடும். பின்னேரம் விட்டால் ஈரம் இரவெல்லாம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். ஆடி பிறந்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்க்கும். உவர்த்த தண்ணீரை விட்டால் நுனி கருகும். ஒன்பது நாளைக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். நன்றாக ஒட்ட வெட்டினால் வேலை குறையும் என்று நினைத்து முதல் இரண்டு தடவை ஒட்ட வெட்டினேன். வேர் வெயிலில் வெந்துபோனது. இப்போது இரண்டு விரல் உயரம் விடுகிறேன். கோரை தானாக முளைக்கும். ஒரு காலையில் அறுபத்தொரு கோரை பிடுங்கினேன். அடுத்த காலை அதே இடத்தில் நாற்பது.

பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் செவ்வெறும்பு. அது புல்லைத் தின்னவில்லை, என்னைத்தான் தின்றது. பிறகு கறையான் விளிம்பில் மண் பூசிக்கொண்டு வந்தது. வேப்பம் பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரை ஊற்ற விலகிப் போனது. பிறகு இலை தின்னும் பச்சைப்புழு. அதற்குச் சவர்க்காரத் தண்ணீர் நல்லது. ஒரு வாளி தெளித்தால் புழு மேலே வரும். குனிந்து பொறுக்கித் தகரப் பேணியில் போடலாம். குனிந்தால் நிமிர்வதுதான் கஷ்டம்.

மேற்கு வேலிக்கு அப்பால் இருப்பவர் வெங்காயமும் பீற்றூட்டும் செய்யும் கமக்காரர். என்னைவிட ஆறு வயது இளையவர். நான் பேணியோடு குனிந்து நிற்கும்போதெல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

“அண்ணை, உதைக் கொஞ்சம் வளர விட்டியளெண்டா என்ரை மாட்டுக்காவது உதவும்” என்பார்.

நான் பேணியோடு அடுத்த திட்டுக்கு நகர்வேன். அவருடைய மாடு எங்கள் புல்லைப் பார்க்கும் விதமும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஆவணி முடிவில் புல் அங்கங்கே மஞ்சளாகத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பத்து நிமிடம் கூட விட்டேன். மஞ்சள் பரவியது. மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏன் இப்படி என்று கேட்டாள். அடுத்த நாள் ஒரு மஞ்சள் திட்டைப் பிடித்து இழுத்தேன். வேரே இல்லாமல் பாய் சுருள்வதுபோலக் கையோடு வந்தது. கீழே வெள்ளைப் புழுக்கள், மண்ணிறத் தலை, அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தன. ஓரடிச் சதுரத்தில் பதினொன்று. கிழக்குப் பக்கம் பதினான்கு. கேற்றடியில் மூன்று. வண்டுகள் மண்ணுக்குள் முட்டையிட்டு, அதிலிருந்து வந்தவை. சவர்க்காரத் தண்ணீருக்கும் பிண்ணாக்குக்கும் இவை அசையவில்லை.

இதற்கிடையில் காகங்களும் மைனாக்களும் புல்லைக் கிண்டத் தொடங்கின. விடிய வரும், அலகால் குத்திக் குத்திப் புல்லைப் பிரட்டிப் போட்டுவிட்டுப் போகும். புல்லைக் கெடுப்பவை அவைதான் என்று எனக்குக் கோபம். பழைய கசெற் நாடாவை இழுத்து ஆறு தடிகளில் கட்டினேன். கையைத் தட்டித் துரத்தினேன். கமக்காரர் அதையும் பார்த்தார்.

“காகம் கிண்டுதெண்டா உள்ளுக்கை புழு கிடக்குது அண்ணை. அது உங்களுக்குச் சும்மா வந்து வேலை செய்யுது. ஏன் கலைக்கிறியள்?”

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் காகம் ஒரு நாளைக்கு எத்தனை புழு தின்னும்? புல் முழுவதிலும் எத்தனை புழு? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்கழிவரை ஆகும். ஞாயிற்றுக்கிழமைப் படமோ ஏழு நாளைக்கு ஒருமுறை. எனக்கும் களைத்துவிட்டது.

பஸ் ஏறி அச்சுவேலிக்குப் போய் ஒரு பூச்சிமருந்துக் கடையில் குறுணல் மருந்து வாங்கினேன். தோட்டக்காரர் எல்லாப் புழுவுக்கும் போடுவதல்ல, வேர் தின்னும் புழுவுக்கென்றே உள்ளது. கடைக்காரர் பொறுப்பான மனிதர். கோழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. நாய்? இல்லை. சின்னப் பிள்ளைகள்? வெளிநாட்டில். கிணறு எத்தனை அடி தள்ளி? ஐம்பத்தெட்டு அடி. தூவியவுடன் அரைமணி நேரம் தண்ணீர் விட்டுக் குறுணல் மண்ணுக்குள் இறங்கிய பிறகுதான் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். காகம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. யாரும் அதைக் கேட்பதில்லை. நானும் என் வாழ்நாளில் எவ்வளவோ எண்ணியிருக்கிறேன், வீட்டுக்கு எத்தனை காகம் வருகிறது என்று அதுவரை எண்ணியதில்லை.

புதன்கிழமை பின்னேரம், கையுறை போட்டு, அளந்து, சமமாகத் தூவினேன். மோட்டரைப் போட்டுத் தண்ணீர் விடத் தொடங்கிய பதினோராவது நிமிடம் மின்சாரம் நின்றது. மேற்குப் பாதி நனைந்திருந்தது. கிழக்குப் பாதியில் குறுணல்கள் புல்லுக்கு மேலே மணல்போல் கிடந்தன. கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்றியிருக்கலாம். தோள் விடாது. நாளை காலை முதல் வேலையாக விடலாம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். “சாப்பாட்டுக்கு முன்”, “சாப்பாட்டுக்குப் பின்” என்று எத்தனை ஆயிரம் உறைகளில் எழுதிக் கொடுத்திருப்பேன். மாறிக் குடித்துவிட்டு வந்து நின்றவர்களை எப்படி ஏசியிருப்பேன். என்னை ஏச அன்றைக்கு யாரும் இருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்குக் கதவைத் திறந்தேன். கிழக்குப் பாதியில் இரண்டு காகங்களும் ஒரு மைனாவும் கிடந்தன. மூன்றுக்கும் கால் விறைத்திருந்தது. பக்கத்தில் மண்ணுக்கு மேலே வந்து செத்த புழுக்கள். மதிலிலும் வேம்பிலும் மின்கம்பியிலும் காகங்கள் வந்து சேர்ந்து கத்தத் தொடங்கின. முதன்முறையாக அன்றுதான் காகத்தை எண்ணினேன். முப்பத்தெட்டு. நடுவில் சில இடம் மாறியதால் ஒன்றிரண்டு பிழையாக இருக்கலாம்.

பிளாஸ்ரிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு மூன்றையும் தூக்கி, பின்வளவில் எலுமிச்சைக்கு அப்பால் ஒரு முழம் ஆழத்தில் புதைத்தேன். திரும்பி வரும்போது மனைவி குசினி வாசலில் நின்றாள். காகங்கள் ஏன் இப்படிக் கத்துகின்றன என்று கேட்டாள்.

“பூனை ஒண்டு காகக் குஞ்சைப் பிடிச்சிட்டுது போலை” என்றேன்.

புரட்டாதியில் காகம் குஞ்சு வைத்திருக்குமா என்று அவள் யோசித்தாளோ தெரியாது. நான் போய் ஐம்பது நிமிடம் தண்ணீர் விட்டேன். கத்தல் நாற்பது நிமிடத்தில் அடங்கியது. அதற்குப் பிறகு வியாழன் முழுவதும், வெள்ளி முழுவதும் எங்கள் வளவில் ஒரு காகமும் இறங்கவில்லை. வெள்ளி பின்னேரம்தான் எனக்கு நாளை என்ன கிழமை என்பது உறைத்தது.

புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் பகுதியில் விரதம் பிடிப்பார்கள். காலையில் கிணற்றில் தோய்ந்து, கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, வந்து மரக்கறி சமைத்து, எள்ளுச் சோற்றோடு முதல் படையலை வாழையிலையில் காகத்துக்கு வைப்பார்கள். காகம் சனியின் வாகனம். அது எடுத்த பிறகுதான் விரதக்காரர் சாப்பிடலாம். எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று சாதகம் பார்த்தவர் சொன்னதிலிருந்து என் மனைவி நான்கு சனியும் தவறாமல் பிடிக்கிறாள். நான் பிடிக்க வேண்டியது. வயிற்றில் அல்சர் இருப்பதாகச் சொல்லி நான் தப்பிக்கொண்டேன். அவளுக்கு நீரிழிவு இருக்கிறது. அதைச் சொல்லி அவள் தப்பிக்கவில்லை.

அந்த வருடத்து இரண்டாவது சனி அது. மற்ற வருடங்களில் அவள் இலையோடு வெளியே வருமுன்னமே மதில் தூணில் ஒரு காகம் வந்து இருக்கும். முதல் சனியும் அப்படித்தான். பன்னிரண்டு மணிக்குள் அவள் சாப்பிட்டுவிடுவாள்.

அன்று பதினொன்று ஐம்பதுக்கு இலையைத் தூணில் வைத்தாள். எள்ளுச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், ஒரு அப்பளத் துண்டு. கா, கா என்று கூப்பிட்டாள். பிறகு விறாந்தையில் கதிரையைப் போட்டு மதிலைப் பார்த்தபடி இருந்தாள். நானும் இருந்தேன். ஏன் வராது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

பன்னிரண்டு இருபதுக்கு ஒரு அணில் வந்து அப்பளத்தை எடுத்தது. அணில் எடுத்ததைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது. பன்னிரண்டு நாற்பதுக்கு எழும்பி மறுபடி கூப்பிட்டாள். தூரத்தில் எங்கோ காகம் கத்தியது. அன்று ஊரில் எல்லா வீட்டு மதிலிலும் இலை இருந்திருக்கும். காகங்களுக்கு அன்று எங்கும் விருந்து. எங்கள் வீட்டுக்கு வராதிருக்க இன்னொரு காரணம்.

ஏதோ நினைத்துக்கொண்டு அலுமாரியில் அவளுடைய குளிசைப் போத்தலை எடுத்துக் கொட்டி எண்ணினேன். வெள்ளி இரவு நாற்பத்தாறு. இப்போது நாற்பத்தைந்து. விரதத்தன்று காலைக் குளிசை போட வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். போட்டிருக்கிறாள்.

“போட்டனீரோ?”

“ஓம். பன்னிரண்டுக்குள்ளை சாப்பிட்டிடுவன்தானே எண்டு போட்டன்.”

குளிசை உள்ளே போய் ஆறு மணித்தியாலம். வயிறு காலி. சீனி பார்க்கும் மெஷினை எடுத்து விரலில் குத்தினேன். எழுபத்திரண்டு. இன்னும் இறங்கும். நெற்றியில் வியர்வை மினுமினுத்தது. சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை நடுங்கியது. சீனித் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தேன்.

“காகம் எடுக்கட்டும்” என்றாள்.

“சீனித் தண்ணி சாப்பாடில்லை. மருந்து.”

“உங்களுக்கு எல்லாம் மருந்துதான்.”

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பாளா? சனியின் மாதத்தில், சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன், சனியின் வாகனத்தைக் கொன்ற வீடு என்று தெரிந்தால், அன்று முழுக்கத் தண்ணீரும் தொட்டிருக்க மாட்டாள் என்று எனக்குப் பட்டது. இலையை எடுத்து மதிலுக்கு வெளியே தட்டிவிட்டுக் காகம் எடுத்தது என்று சொல்லலாம். ஆனால் எண்ணாத குளிசையை எண்ணியதாக நான் ஒருநாளும் எழுதியதில்லை. பூனைக் கதை ஒன்றே போதும். அதற்கு மேல் இன்னொன்று சொல்ல என்னால் முடியவில்லை.

புதிய இலைத் துண்டில் எள்ளுச் சோற்றில் ஒரு கைப்பிடி வைத்து மடித்தேன். காகம் பார்த்து வைத்துவிட்டு வருகிறேன், இருபது நிமிடம், கண் இருட்டினால் உடனே இதைக் குடிக்க வேண்டும் என்று சொல்லித் தம்ளரை அவள் கையெட்டும் இடத்தில் வைத்தேன். கோயிலடிக்குப் போகச் சொன்னாள். தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

கோயிலடியில் புறா மூன்று. ஒரு காகமும் இல்லை. வாசிகசாலை மதிலில் ஏற்கெனவே யாரோ வைத்த இலை, தின்று மிஞ்சிய சோற்றோடு கிடந்தது. அங்கேயும் காகம் இல்லை. காகம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். சந்தியில் மீன் சந்தைக் கொட்டில் இருக்கிறது. கோயிலடியிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு மிதி.

கொட்டிலின் தகரக் கூரையிலும் அதன் பின்னால் குப்பை கொட்டும் பள்ளத்திலும் இருபத்துமூன்று காகங்கள் நின்றன. விரத நாள் என்பதால் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரே ஒரு மனிசி மட்டும் மீன் வெட்டும் கட்டைக்குப் பின்னால் சூடை மீன் கூடையோடு இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நான் மடித்த இலையோடு கொட்டிலைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஐயா, விரதச் சோறோ?”

ஓம் என்றேன்.

“விரதச் சோத்தை மீன் கடைக்குக் கொண்டந்த முதல் ஆள் நீங்கள்தான்.”

வீட்டில் காகம் வரவில்லை என்றும், மனிசிக்குச் சீனி வருத்தம், ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறாள் என்றும் சொன்னேன். அதற்கு மேல் அவள் பகிடி பண்ணவில்லை. எழும்பி வந்து, பின்பக்கச் சீமெந்துத் திட்டில் ஓரிடத்தை ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். அதில் இலையை விரித்தேன். இருவரும் தள்ளி நின்றோம்.

காகங்கள் இலையைப் பார்த்தன. ஒன்று தத்தி வந்து எள்ளுச் சோற்றைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பள்ளத்துக்கே திரும்பிப் போய்க் குடலை இழுத்தது. இன்னொன்று வந்தது. அதுவும் போனது. நான்கு நிமிடம் போய்விட்டது. இருபதில் பதின்மூன்று ஏற்கெனவே முடிந்திருந்தது.

“உதுகளுக்கு இஞ்சை தினம் கலியாண வீடு. உங்கடை சோத்தை ஆர் பாக்கிறது?” என்றாள் அவள். கூடைக்கு அடியிலிருந்து ஒரு இறால் தலையை எடுத்து என்னிடம் காட்டினாள். “இதை மேலை வைக்கட்டே?”

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வையுங்கோ என்று சொல்லவும் வரவில்லை. அவளும் அதிகம் காத்திருக்கவில்லை. இறால் தலையைச் சோற்றின் நடுவில் குத்தி வைத்தாள்.

உடனே ஒரு காகம் இறங்கியது. இறால் தலையைக் கவ்வியபோது அதோடு ஒட்டிய சோறும் போனது. ஏழு எட்டுப் பருக்கை இருக்கும். எள் எத்தனை என்று தெரியவில்லை. கூரைக்குப் போய்க் காலால் அமத்திப் பிடித்து எல்லாவற்றையும் தின்றது. சோற்றையும் தின்றது. அதை உற்றுப் பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் சைக்கிளில் ஏறினேன். அந்த மனிசிக்கு நன்றி சொன்னேனா என்பது இப்போது ஞாபகம் இல்லை.

இருபத்தேழாவது நிமிடம் வீடு சேர்ந்தேன். அவள் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. காலடிச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்தாள்.

“காகம் எடுத்திட்டுது. சாப்பிடும்.”

“எங்கை?”

“சந்தியிலை.”

“சந்தியிலை எங்கை?”

சந்தியில் காகம் எங்கே நிற்கும் என்று முப்பத்தெட்டு வருடமாக இந்த ஊரில் இருப்பவளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என் கையைப் பார்த்தாள். என்னில் மீன் மணமும் வந்திருக்கும்.

“கையைக் கழுவிப்போட்டு வாங்கோ” என்றாள். பிறகு தம்ளரை எடுத்துக் குடித்தாள்.

முதலில் சீனித் தண்ணீர், பிறகு சோறு. ஐந்தாறு வாய் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நடுக்கம் குறைந்தது. வியர்வை காய்ந்தது. இனித் தாங்குவாள் என்று தெரிந்த பிறகு சொன்னேன்.

“அண்டைக்குப் பூனை இல்லை. நான் புல்லுக்கு வைச்ச மருந்து.”

கை இலையிலேயே நின்றது. அழவில்லை. ஏசவில்லை.

“எத்தினை?” என்று கேட்டாள்.

“ரெண்டு காகம். ஒரு மைனா.”

விரதச் சோற்றை மிச்சம் விடக்கூடாது என்பதற்காக மட்டும் மறுபடி சாப்பிடத் தொடங்கினாள். கடைசிக் கவளத்துக்கு முன் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“உங்கடை ஏழரைக்குத்தான் நான் இதைப் பிடிக்கிறன். நீங்கள் சனீஸ்வரன்ரை வாகனத்துக்கே மருந்து வைச்சிட்டு வந்து நிக்கிறியள்.”

திங்கட்கிழமை காலைவரை என்னோடு கதைக்கவில்லை. தேநீர் வந்தது, சாப்பாடு வந்தது, கதை மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசி எடுத்தபோது அவளோடு கதைத்தாள். காகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் படம் அனுப்பினேன். மஞ்சள் அடங்கத் தொடங்கியிருந்தது. மகளுக்குச் சந்தோசம். மருந்து நல்ல மருந்து என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஓரடிச் சதுரத்தைத் தோண்டிப் பார்த்தேன். பதினொன்று இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மண்புழுவும் இல்லை.

கசெற் நாடாக்களை அவிழ்த்துவிட்டேன். ஆறு தடிகளையும் பிடுங்கினேன். விடிய எழுந்து தண்ணீர் விடும்போது மதிலைப் பார்ப்பேன். வேம்பில் சில நாள் இரண்டு மூன்று வந்து இருக்கும். புல்லைப் பார்க்கும், இறங்காது. செத்த இடத்தைக் காகம் மறக்காது என்று கமக்காரர் சொன்னார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். அதை ஆர் அண்ணை எண்ணினது என்றார்.

மூன்றாவது சனி காலை அவளுடைய குளிசைப் போத்தலை இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். அவள் தேநீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். என்ன வயிறா என்று கேட்டாள். இல்லை, இண்டைக்கு நானும் பிடிக்கிறேன் என்றேன். அவள் தேநீரைத் திருப்பிக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு வந்தாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு இலையை எடுத்தாள். மதில் பக்கம் போகவில்லை. கேற்றைத் திறந்து, ஒழுங்கையால் நடந்து, கமக்காரர் வீட்டு வளவுக்குள் போனாள். முதல் நாளே அவருடைய மனைவியிடம் கேட்டு வைத்திருக்கிறாள் போலும். அவர்களுடைய கிணற்றுக்கட்டில் இலையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம், புல்லின் மேல் நின்று பார்த்தேன். வெங்காயப் பாத்திக்குள் நின்ற கமக்காரர் என்னைக் கண்டார்.

“அண்ணை, காகமும் இப்ப எங்கடை பக்கம்.”

நான் கிணற்றுக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தென்னையிலிருந்து முதல் காகம் இறங்கி இலையில் குத்தியது. பின்னால் மற்றவை வந்தன. எள்ளுச் சோற்றைத்தான் முதலில் எடுத்தன. அவள் கை கூப்பிக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி ஒழுங்கையால் மெல்ல நடந்து வந்தாள். நான் போய்க் கேற்றைத் திறந்து பிடித்தேன். துண்டு குறைந்த மண்ணில் கால் வைத்து உள்ளே வந்தாள்.

“எடுத்திட்டுது” என்றாள். “வாங்கோ சாப்பிட.”

“கண்டனான். மூண்டு.”

“நாலு” என்றாள் அவள். “ஒண்டு கிணத்துக்குப் பின்னாலை நிண்டது. உங்கடை பக்கத்திலையிருந்து தெரிஞ்சிராது.”